குண்டுவெடிப்பும் ஒரு முதுகு மச்சமும்

சென்ற வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் காவலர் போனில் அழைத்தார்.

"ஏட்டையா, வடக்க குண்டு வெடிச்சிருக்குல்லா? பொதுமக்கள் கருத்து எழுதி அனுப்பச் சொல்லுதாவ. நீங்க இருக்கும்போது எப்படி எழுதுவிய?"

"இப்பத்தான் எல்லாம் செல்போன்லயே கிடைக்குதே தாயி?" என்றேன்.

"கிடைக்குது. ஆனா அதப் பாத்தா தென்காசியில எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டுச் செத்திருக்கணும். வெளிய வந்து பாத்தா எல்லாரும் ஒரே பெஞ்சில உக்காந்து புரோட்டா தின்னுக்கிட்டு இருக்காவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு குற்றாலத்துப் பேச்சிமுத்துவின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். பென்ஷன்காரனை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது என்கிற தைரியம்தான்.

காவல்துறையில் உளவுப் பிரிவு என்று ஒன்று உண்டு. சினிமாவில் வருவது போல் ஒன்றும் கிடையாது. எந்தக் கட்சி எப்போது மறியல் செய்யும், எந்தக் கோயில் கொடையில் எந்த இரண்டு தெருக்காரர்கள் முறைத்துக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு மேலே எழுதி அனுப்பும் வேலை. சீருடை இல்லை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட வேண்டும் என்பது. ஒட்ட வெட்டிய தலை, முறுக்கிய மீசை, அரசாங்கம் கொடுத்த பிரவுன் ஷூ இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படிக் கலப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே தென்காசியில் என்னைத் தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

நாட்டில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாளே மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிக்கை வேண்டும். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடைக்குப் போவேன். நான் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர் குரல் கொடுத்துவிடுவார்.

"ஏலே, ஏட்டையா வந்தாச்சு. சத்தமாப் பேசுங்க, அவருக்கு ஒரு காது மந்தம்."

உடனே கச்சேரி ஆரம்பமாகும். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் எதிர்க்கட்சிதான் காரணம் என்பார். எதிர்க்கட்சிக்காரர், தாங்கள் ஆட்சிக்கு வந்தால் குண்டே வெடிக்காது என்பார். செத்தவர்கள் பேரை யாரும் கேட்க மாட்டார்கள். குண்டு வைத்தவன் பேர் என்ன என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பேரைப் பொறுத்துத்தான் அன்றைக்கு யார் கோபப்பட வேண்டும், யார் கூனிக் குறுக வேண்டும், யார் விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது முடிவாகும். பேர் தெரியாத வரைக்கும் எல்லோரும் ஒரு மாதிரித் தவிப்பார்கள். அதற்குள் ஓர் ஓட்டல்காரர் வந்து, "கடையடைப்பு உண்டா ஏட்டையா? மாவு கரைக்கணும், அதான் கேக்கேன்" என்பார். அவர் ஒருவர்தான் உண்மையைப் பேசியவர். அதை அறிக்கையில் எழுத இடமில்லை.

அறிக்கைக்கென்று ஒரு நடை உண்டு. 'பெரும்பாலானோர்' என்றால் டீக்கடை. 'ஒரு சாரார்' என்றால் நான். 'மற்றொரு சாரார்' என்றால் என் மனைவி. இதற்கு மேல் ஆட்கள் தேவைப்பட்டால் பால்காரரைக் கேட்பேன்.

தென்காசி தனி மாவட்டமான பிறகு எங்களுக்கு இன்ஸ்பெக்டராக வந்தவர் ராஜகோபால். கோவில்பட்டிக்காரர், பருத்த உடம்பு, சீரகத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்க மாட்டார். அறிக்கையை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியபடி, வாய்விட்டுப் படிப்பார். எதிரே நாம் நிற்க வேண்டும். நாம் எழுதியதை நமக்கே இன்னொருவர் நிதானமாகப் படித்துக் காட்டுவதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

அவரிடம் ஒரு சொல் வரிசை இருந்தது. முணுமுணுப்பு, சலசலப்பு, அதிருப்தி, பரபரப்பு, கொந்தளிப்பு. முதல் இரண்டையும் ஏட்டே எழுதிக்கொள்ளலாம். அதிருப்தி என்றால் அவரைக் கேட்க வேண்டும். பரபரப்பு என்றால் அவர் தன் மேலதிகாரிக்குப் போன் போட வேண்டும். கொந்தளிப்பு என்று எழுதினால் வெளியூரிலிருந்து போலீஸை வரவழைத்துச் சோறு போட வேண்டும். ஆகவே எங்கள் எல்லைக்குள் யாரும் கொந்தளிக்கக் கூடாது.

"பரபரப்புன்னு போட்டிருக்கீரு. யாரு பரபரத்தா? நீரு பாத்தீரா?" என்பார்.

"நாலு பேரு கத்தினாங்கய்யா."

"நாலு பேரு கத்தினா அது சலசலப்புவே. அடிச்சுட்டு மாத்தும்."

தன் சொந்தக் கருத்து என்று அவர் ஒரு சொல்லும் உதிர்த்ததில்லை. யார் ஆட்சி நல்ல ஆட்சி என்று அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வோம்.

டீக்கடைக் கருத்தெல்லாம் எனக்காகப் போடும் நாடகம் என்று புரிந்த பிறகு நான் கண்டுபிடித்த இடம்தான் பேச்சிமுத்துவின் கொட்டகை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் அவனுக்கு. கடையம் பக்கத்துக்காரன். அருவிக்கரையில் எண்ணெய் கூடாது என்று ஆன பிறகு, கொஞ்சம் தள்ளி ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பலகைகள் வைத்திருந்தான். ஒன்றில் அவன் தேய்ப்பான், மற்றதில் அவன் மச்சினன்.

சாரல் சீசனில் அந்தப் பலகையில் படுக்காத ஊரே கிடையாது. சேலத்து ஜவுளிக்காரர் படுப்பார், நாகர்கோவில் வாத்தியார் படுப்பார், எல்லை தாண்டி வந்த மலையாளத்துக்காரர் படுப்பார். இடுப்பில் ஒரு துண்டு, மற்றபடி தலை முதல் கால் வரை எண்ணெய். அந்தக் கோலத்தில் யார் கலெக்டர், யார் களவாணி என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. தோள்பட்டையை ஒருவன் பிசையும்போது மனிதன் பொய் சொல்ல மாட்டான். அவனுக்கு மூச்சு விடவே நேரம் போதாது. நான் பக்கத்துப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அரசாங்க வேலையை உடம்புக்கும் இதமாகச் செய்து வந்தேன்.

பேச்சிமுத்துவும் சும்மா தேய்க்க மாட்டான். பேசிக்கொண்டே தேய்ப்பான். கட்சி கிட்சி ஒன்றும் கிடையாது. டிவியில் பார்த்ததை எல்லாம் சொந்த வீட்டில் நடந்தது போலச் சொல்லுவான்.

அந்த வருஷம் நல்ல சீசனில், வடக்கே ஒரு பெரிய ஊரின் சந்தையில் குண்டு வெடித்தது. பண்டிகைக்குத் துணி எடுக்க வந்த கூட்டம். டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வழக்கம்போல உத்தரவு வந்தது, வழக்கம்போல நான் எழுதிக் கொடுத்தேன், வழக்கம்போல சிவப்புப் பென்சில் விளையாடியது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஒரு ரகசியத் தாக்கீது வந்தது. வேறொரு உளவுப் பிரிவின் ஆள் ஒருவரும் கருத்துக் கேட்பதற்காகக் குற்றாலம் வந்திருக்கிறார். அவருக்கும் பேச்சிமுத்துவின் பலகைதான் தோதுப்பட்டிருக்கிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பலகையில் படுத்திருந்த ஒருவர், 'உயர் பதவியில் உள்ளோரின் நாற்காலிக்கு அடியில் குண்டு வெடிக்கும்' என்று மிரட்டல் விடுத்ததாக அவர் எழுதி அனுப்பியிருந்தார். அங்க அடையாளங்கள்: நடுத்தர வயது, பருத்த உடல், குப்புறப் படுத்திருந்ததால் முகம் தெரியவில்லை, இடது தோள்பட்டைக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் மச்சம், மச்சத்தில் இரண்டு முடி. ஆளை உடனே கண்டுபிடிக்க வேண்டும்.

ராஜகோபால் அய்யா முகத்தில் நான் அப்படி ஒரு பிரகாசத்தைப் பார்த்ததில்லை. சலசலப்பையும் முணுமுணுப்பையும் திருத்தியே ஓய்வுபெற்றுவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு நிஜமான ஒரு கேஸ் கிடைத்துவிட்டது.

"ஏட்டு, அந்த ஞாயித்துக்கிழமை நானும் அங்கதான் எண்ணெ தேச்சேன்" என்றார் ரகசியமாக. "என் பக்கத்துப் பலகையில ஒருத்தன் மூச்சுக் காட்டாமப் படுத்திருந்தான். ஒல்லியாத்தான் இருந்தான். இருந்தாலும் எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

பேச்சிமுத்துவைக் கூட்டி வந்தோம். அந்த முதுகு யாருடையது என்பதுதான் கேள்வி. அவன் வாயே திறக்கவில்லை. ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சுப் பேசுகிறவன், அய்யா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். ஞாபகம் இல்லை என்றும் சொல்லவில்லை, தெரியும் என்றும் சொல்லவில்லை. அய்யாவுக்கு அந்த மௌனமே பெரிய சதியாகத் தெரிந்தது. மாலையில் அனுப்பி, மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டார்.

இதற்குள் ஊர் கொந்தளித்துவிட்டது. அந்தச் சொல்லை இப்போது எழுத எனக்கு அனுமதி தேவையில்லை. குண்டு வைத்தவனுக்குப் பேச்சிமுத்து எண்ணெய் தேய்த்தான் என்று ஆரம்பித்து, எண்ணெய்ப் பாட்டிலில்தான் குண்டே வந்தது என்கிற வரைக்கும் போனது. எண்ணெய்ப் பாட்டிலோடு அவன் நிற்கும் படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. ஒரு கட்சி 'குற்றாலத்தில் பதுங்கிய பயங்கரவாதி! தூங்குகிறதா அரசு?' என்று சுவரொட்டி அடித்தது. மற்றக் கட்சி சும்மா இருக்குமா, 'ஏழைத் தொழிலாளி மீது கை வைக்காதே' என்று பக்கத்திலேயே ஒட்டியது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே டீக்கடையில் பசை கலக்கிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஏழைத் தொழிலாளி வீட்டுக்கு மட்டும் இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் போகவில்லை. போனவர்கள் தங்கும் விடுதிக்காரர்கள்தான். இனி எங்கள் விருந்தாளிகளை உன்னிடம் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சீசனில் சம்பாதிப்பதுதான் அவனுக்கு வருஷச் சாப்பாடு. பலகை இரண்டும் காய்ந்து கிடந்தன.

மூன்றாம் நாள் இரவு தகவல் வந்தது. உள்ளூரில் நடக்கும் விசாரணை போதாது, விடிந்ததும் வெளியிலிருந்து ஒரு குழு வந்து பேச்சிமுத்துவை அழைத்துப் போகும் என்று. அப்படி அழைத்துப் போகப்பட்டவர்கள் எப்போது திரும்பினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். உடனே அவன் வீட்டுக்கே போய், வாசலில் அவனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஏலே, ஒரு பேரைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானலே? நாளைக்கு வாரவங்க டீ வாங்கிக் குடுத்துக் கேக்க மாட்டாவ."

"நான் சொன்னா என்னையத்தான் மிதிப்பாவ ஏட்டையா."

"யாருலே மிதிப்பா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அந்த முதுகுக்காரருதான மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னைய மிரட்டுதாரு! அவருகிட்டயே எப்படிச் சொல்ல?"

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நடந்தது இதுதான். தேய்க்கும்போது பேச்சிமுத்து டிவியில் பார்த்த ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். மகளுக்கு எடுத்த பாவாடையைப் பையோடு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மனிதர். அதைச் சொல்லி இவன் அழுதிருக்கிறான். அதைக் கேட்டு, இருபத்தைந்து வருஷமாகக் கருத்தே இல்லாமல் வாழ்ந்த ராஜகோபால் அய்யா பலகையில் படுத்தபடியே வெடித்திருக்கிறார்.

"'மேல உக்காந்திருக்கவன் நாற்காலிக்கு அடியில ஒண்ணு வெடிச்சாத்தான்யா அவனுக்கு உறைக்கும்'னாரு. மனசு பொறுக்காமச் சொன்னாரு. அதுல என்ன இருக்கு? எங்க வீட்டுல கூட அப்படித்தான் சொல்லுதா" என்றான்.

தான் சொன்னதுதான் அது என்று அய்யாவுக்கு உறைக்கவே இல்லை. தாக்கீதில் அது மிரட்டலாக இருந்தது. அவர் சொன்னது வயிற்றெரிச்சல். மேலும், பொதுமக்கள் என்றால் வேறு யாரோ என்றுதான் எங்களுக்குப் பழக்கம். மச்சம் இருப்பது முதுகில். அதை அவர் எங்கே பார்த்தார்?

இருந்தாலும் அதிகாரியிடம் சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும். அவர் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. அய்யா முதுகுல மச்சம் ஏதும் உண்டா?"

"இடது பக்கம் இருக்கு. ரெண்டு முடி வேற. வெட்டி விடுதேன்னா கேக்க மாட்டேங்காரு. எதுக்கு ஏட்டையா?"

"மெடிக்கல் ரெக்கார்டுக்கும்மா" என்று சொல்லி வைத்தேன்.

விடிவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். சீரகத் தண்ணீர் டம்ளரோடு வந்தார்.

"ஆள் கிடைச்சாச்சுய்யா."

"எங்கவே?"

"அய்யா ஒரு நிமிஷம் சட்டையைக் கழட்டித் திரும்பணும்."

முறைத்தார். ஆனால் என் முகத்தில் விளையாட்டு இல்லை. கழற்றிவிட்டுத் திரும்பினார். செல்போனில் படம் எடுத்து அவரிடம் நீட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

அவர் கை மெல்லப் பின்னால் போய் முதுகைத் தடவியது. மச்சம் எட்டவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சிமுத்து சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஆள் அடையாளம் தெரியலன்னு எழுதிருவமா?" என்றார், கெஞ்சுகிற குரலில். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், பதவி உயர்வு பக்கத்தில் இருந்தது.

"எழுதலாம்யா. நீங்க எழுதினாலும் பேச்சிமுத்தக் கொண்டு போயிருவாங்க. அவன் அங்க போயி அடி தாங்காம உங்க பேரைச் சொல்லுவான். இல்ல, சொல்லாமலே அடி வாங்குவான். உங்களப் பாத்து வாயத் தொறக்காம நின்னவன்யா அவன். எனக்கு ரெண்டாவதுதான் பயமா இருக்கு."

அவர் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு எழுந்து, வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு மேலதிகாரிக்குப் போன் போட்டார். "சார், அது நான்தான்" என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அய்யா காதிலிருந்து போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும். அன்று அவர் கைப்பட ஓர் அறிக்கை எழுதினார். சம்பந்தப்பட்டவர் பொறுப்புள்ள அரசு ஊழியர், மனக் கொந்தளிப்பில் பேசியது, உள்நோக்கம் இல்லை. கொந்தளிப்பு என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை.

குழு வரவில்லை. அய்யாவுக்குத் தொலைதூரத்தில், சீருடைகளும் லத்திகளும் அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை கொடுத்தார்கள். போகும்போது என் தோளைத் தட்டினார். என் சர்வீஸில் எத்தனையோ பேருக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்திருக்கிறேன். மனசார அடித்தது அவருக்கு அன்றைக்கு மட்டும்தான். தென்காசியில் இரண்டு கட்சிகளும் தங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று தனித்தனியாக வெடி போட்டன.

பேச்சிமுத்துவுக்கு அடுத்த சீசனில்தான் பழையபடி ஆள் வர ஆரம்பித்தது. கை அதே கைதான். ஆனால் கொட்டகையில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்து, பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டான். படுத்திருப்பவர் ஏதாவது பேச ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுவான்.

அந்தப் பெண் காவலரின் போன் வந்த மறுநாள் நான் குற்றாலம் போனேன். அவன் பலகையில் படுத்தேன். பாட்டைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தான்.

"டிவி பாத்தியாலே? வடக்க மறுபடியும் வெடிச்சிருக்கு. சின்னப் பிள்ளைய எல்லாம் செத்திருக்கு" என்றேன்.

கை தோளில் நின்றது. பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

"நான் இப்பல்லாம் அதப் பாக்கதில்ல ஏட்டையா. பாத்தா வருத்தமா இருக்கும். வருத்தம் வந்தா வாய் சும்மா இருக்காது. வாயத் தொறந்தா நீங்க எழுதிருவிய."

அன்றைக்கு டிவியைப் பார்த்து முன்பின் தெரியாத ஒரு தகப்பனுக்காக அழுத மனிதன் இவன்.

"நான் ரிட்டயர் ஆகி வருஷமாச்சுலே. இனி நான் யாருக்கு எழுதப் போறேன்? சும்மா ஒரு மனுசனா உங்கிட்டக் கேக்கேன், பேசு" என்றேன்.

அவன் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு. எட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

"திரும்பிப் படுங்க ஏட்டையா" என்றான்.